ஐயருக்கு எலும்பு போடுங்க!

"ஏல... ஐயருக்கு நல்ல எலும்பாப் பார்த்துப் போடுல!"

கறி வாளியோடு ஓடிய பையனைப் பார்த்து ஒரு பெரியவர் இப்படிக் கத்தியதும், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றும்முற்றும் பார்த்தேன். ஒருத்தராவது அதிர்ச்சி அடைய வேண்டுமே... ம்ஹூம்! பந்தியில் உட்கார்ந்திருந்த ஐயரும் சந்தோஷமாக இலையைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

பதற வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியார்தான் 'ஐயர்'. அவர் மனைவி 'ஐயரம்மா'. சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, 'கோயில்'தான். "கோயிலுக்குப் போயி ஐயரைப் பார்த்துட்டு வாரேன்" என்று ஒருவர் கிளம்பினால், அவர் பைபிளோடு போகிறாரா தேங்காய் பழத்தோடு போகிறாரா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் இந்தப் பந்தியில் வந்து உட்கார்ந்த கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

சென்னையில் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர். கிறிஸ்தவர். 2020 ஊரடங்கில் கடை படுத்துவிட்டது. இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூப்பர்வைசர். ரொம்ப நாளாகவே, "எங்க ஊர் அசனத்துக்கு ஒரு தடவை வாங்க சார்" என்று ஆசை காட்டிக்கொண்டே இருப்பார். நான் "வருகிறேன்" என்று சொன்னால் மட்டும், "அடுத்த வருஷம் பார்ப்போம் சார்" என்று பின்வாங்கிவிடுவார். இந்த வருஷம் ஆடி மாதம் அவர் மனைவியே இரண்டு டிக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். "இவரைத் தனியா விட்டா விழுப்புரத்துலயே இறங்கித் திரும்பி வந்துருவாரு, நீங்க கூடப் போங்க சார்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் இறங்கினோம். நேராக ஊருக்குப் போவோம் என்று பார்த்தால், "சார், நீங்க எழுதுறவரு... இடையன்குடியைப் பார்க்காமப் போனா எப்படி?" என்றார். சரி என்று ஒரு வாடகைக் கார் பிடித்தோம். (செலவு என் தலையில்!)

திசையன்விளைப் பக்கம் போகப் போக பூமியின் நிறமே மாறுகிறது. செக்கச்செவேல் என்று தேரி மணல். கண்ணுக்கு எட்டிய வரை பனை, இடையிடையே முருங்கைத் தோட்டம். ஆடிக் காற்று கார் ஜன்னலைச் சாத்தவிடாமல் மணலை அள்ளி வீசியது. டிரைவர் டீ குடிக்கும்போதுகூடக் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டே குடித்தார்.

இடையன்குடிக் கோயில், இந்த மணல் காட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், சீமையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது மாதிரி நிற்கிறது. ராபர்ட் கால்டுவெல் கட்டியது. 1838-ல் சென்னைக்கு வந்து இறங்கி, 1841-ல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். 1847-ல் ஆரம்பித்த கோயிலை 1880-ல்தான் முடிக்க முடிந்தது. முப்பத்து மூன்று வருஷம்! நம் தெருவில் பாதாளச் சாக்கடை வேலை நடப்பது நினைவுக்கு வந்து, மனசைத் தேற்றிக்கொண்டேன். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் 1856-ல் வெளியிட்டபோது, கோயில் வேலை பாதியில் நின்றிருக்கும். 1891-ல் கொடைக்கானலில் காலமானார். உடலை இங்கே கொண்டுவந்து, இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் குடியிருந்த வீடு இப்போது அரசின் நினைவு இல்லம்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கால்டுவெல். தெரியாத ஒன்றைக் கோயில் வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து நண்பர் சொன்னார். வந்த புதிதில், 1849-ல், இந்தப் பக்கத்துப் பனையேறும் மக்களைப் பற்றி அவர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். வெளிநாட்டில் உதவி திரட்டத்தான் எழுதினார். ஆனால் மக்களை மட்டம் தட்டி எழுதிவிட்டார். அவர்கள் படித்து முன்னேறி, அதைத் தாங்களே வாசித்தபோது கொதித்துப் போனார்கள். பெரிய கண்டனம் கிளம்பியது. கடைசியில் அந்தப் புத்தகம் புழக்கத்திலிருந்தே விலக்கப்பட்டது.

"ஆனா பாருங்க சார், அதே சனங்கதான் அவரைக் கோயிலுக்குள்ள வச்சு இன்னிக்கும் கும்பிட்டுட்டு இருக்காங்க. எழுதினதையும் மறக்கலை. அவரையும் விடலை."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. ஐம்பது வருஷம் இங்கேயே கிடந்து, கிணறு வெட்டி, பள்ளிக்கூடம் கட்டி, பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவருக்குக்கூட மன்னிக்கப்பட வேண்டிய பாக்கி ஒன்று இருந்திருக்கிறது.

அடுத்து ஊர்தானே என்றேன். "வழியிலதான் சார், முதலூர்..." என்று இழுத்தார்.

முதலூர் என்ற பெயருக்கு அர்த்தம் அதேதான். நெல்லைச் சீமையில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் குடியேறிய முதல் ஊர், 1799-ல் உண்டானது. ஞானஸ்நானம் பெற்றதற்காகச் சொந்த ஊரில் இருக்கவிடாமல் விரட்டப்பட்டவர்களுக்காக, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் நிலம் வாங்கிக் குடிவைத்த ஊர். பிறகு 1830-ல் ரேனியஸ் ஐயர் 'தர்ம சங்கம்' என்றே ஒன்றை ஆரம்பித்தார். துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆக, இந்த வட்டாரத்தில் பல ஊர்கள் பிறந்ததே நன்கொடைப் பணத்தில்தான். கைநீட்டி வாங்கிய மண்ணில்தான் தாத்தா பாட்டிகள் காலூன்றியிருக்கிறார்கள்.

இன்றைக்கு முதலூரின் புகழுக்குக் காரணம் வேறு: மஸ்கோத் அல்வா! நெய்க்குப் பதில் தேங்காய்ப்பால். வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். நான் எனக்கு ஒரு கிலோ வாங்கினேன். நண்பர் தலா அரைக் கிலோவில் மூன்று பாக்கெட் வாங்கினார். "யாருக்கு?" என்றேன். "மூணு வீட்டுக்கு" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

அடுத்து மெஞ்ஞானபுரம். 192 அடி உயரக் கோபுரம் எத்தனையோ மைல் தூரத்திலிருந்தே பனை மரங்களுக்கு மேலே தலையை நீட்டுகிறது. ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் கட்டியது. பக்கத்தில் வெள்ளாளன்விளை. 1874-ல் அங்கே பிறந்த வே.ச. அசரியாதான் 1912-ல் தோர்ணக்கலுக்குப் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு முன்பே, 1903-ல், பாளையங்கோட்டையில் சிலரோடு கூடி இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார். ஆட்களும் இந்தியர்கள், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர்களுடையது என்பது கொள்கை. வெள்ளைக்காரன் காசில் ஒரு பைசாகூட வேண்டாம் என்றால், பனைமரத்தடிச் சனங்களிடம் பணம் ஏது?

பதில் அடுப்படியில் இருந்தது. சோறு பொங்க அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்கு வரும். 'பிடி அரிசிக் காணிக்கை' என்று பெயர். இதில் ஒரு நுட்பம் பாருங்கள். மிச்சம் விழுந்தால் கொடுப்போம் என்பது இல்லை. உலையில் போடுவதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அரைவயிற்றுக் குடும்பமும் கொடுக்கிற குடும்பம்தான். வாங்குகிறவர்களாகவே இருந்து பழகியவர்களுக்கு, 'நானும் கொடுத்தேன்' என்கிற ருசி எப்பேர்ப்பட்டது!

இதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "இனிமே எந்தக் கோயில் பாக்கி?" என்று கேட்டேன். நண்பர் பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் எனக்கு ஊர் சுற்றிக் காட்டவில்லை. தன் ஊருக்குப் போகிற நேரத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

விஷயம் காரில் வைத்து வெளியே வந்தது. கடைக்காக ஊரில் மூன்று வீட்டில் கடன் வாங்கியிருக்கிறார். கருப்பட்டி வியாபாரம் செய்கிற பெரியப்பா முறைக்காரரிடம் ஒன்றரை லட்சம், மற்ற இரண்டு வீட்டில் ஐம்பது ஐம்பது. பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. கடை மூடியபோது வெட்கத்தில் ஊருக்கு வருவதையே விட்டுவிட்டார். வருஷம் ஐந்தாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இல்லை, கல்யாணத்துக்கு இல்லை, ஒரு சாவுக்குக்கூட இல்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தேரி ஓரத்தில் உள்ள ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய் இறங்கியபோது கோயில் வளாகமே ஜே ஜே என்றிருந்தது. மறுநாள் அசனம். அசனம் என்றால் சாப்பாடு, அவ்வளவுதான். ஆனால் ஊரே கூடி ஒரே அடுப்பில் ஆக்கி, ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. மணலில் நீளமாகக் குழி வெட்டி அடுப்பு. ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற அண்டாக்கள். ஒரு பக்கம் ஐம்பது அறுபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்திரிக்காயையும் ஊர்க் கதையையும் சேர்த்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நேர்ந்துவிட்ட கடாக்கள் தங்கள் எதிர்காலம் தெரியாமல் முருங்கைக் கீரை மென்றுகொண்டிருந்தன. தவசுப்பிள்ளை, அதாவது தலைமைச் சமையல்காரர், யாரையும் மதிக்காமல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள் அவர்தான் அந்த ஊருக்குப் பேராயர்!

கோயில் திண்ணையில் ஒரு மேஜை. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. அசனத்துக்கு அதன் பங்கு ஐந்நூறு ரூபாய். மேஜையில் கியூ.ஆர். கோடு அட்டையும் இருந்தது. காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு கருப்பட்டியை வைத்திருந்தார்கள்.

நண்பர் தயங்கித் தயங்கிப் போய் நின்றார். பையிலிருந்து ரூபாயை எடுத்தார்.

"சார்வாள்... எனக்கு அஞ்சு வருஷப் பாக்கி இருக்கும். இதை வச்சுக்கிடுங்க."

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "யாரு, நம்ம பயலா? ஏ, வாடே! சாப்ட்டியா?" என்றார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு, ரொம்ப நேரம்.

"உனக்குப் பாக்கி ஒண்ணும் காணலியே."

"இல்ல சார்வாள், நான் கட்டவே இல்லை."

"2020-ல அசனமே நடக்கலை, கொரோனா. 21 கட்டியாச்சு. 22, 23, 24... எல்லாம் டிக் போட்டிருக்கு. இந்த வருஷத்துக்குத்தான் நீ தரணும். ஐந்நூறு."

"யாரு கட்டுனா?"

"அதை எழுததுக்கு இதுல கட்டம் இல்லடே. வீட்டுப் பேரு, தொகை, டிக். அம்புட்டுதான்."

"சார்வாளுக்குத் தெரியும்லா?"

"எனக்கு வயசு எழுவத்தெட்டு. நேத்துக் கட்டுனவனையே ஞாபகம் இல்லை" என்றவர், அடுத்த நிமிஷமே எதிரில் போன ஒருவரைக் கூப்பிட்டு, "ஏய், போன வருஷம் இருபது ரூபா குறைச்சுக் கட்டுனேல்லா, அதைச் சேர்த்துக் குடு" என்றார்!

நண்பர் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயருக்கு நேராக வரிசையாக டிக். பேர் அடிக்கப்படவே இல்லை. வாத்தியார் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒரு பேரை நோட்டுல இருந்து எடுத்தா, அப்புறம் சேர்க்கதுக்குக் கமிட்டி கூட்டணும். கமிட்டி கூட்டுனா சண்டை வரும். எதுக்கு அந்தச் சோலி?"

மறுநாள் காலை ஆராதனை முடிந்ததும் ஏலம். காசாகக் கொடுக்க முடியாதவர்கள் பொருளாகக் காணிக்கை வைப்பார்கள். முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், கோழி, பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி. அதைக் கோயில் வாசலில் வைத்து ஏலம் விடுகிறார்கள். இங்கே சந்தை விலைக்கெல்லாம் மரியாதை கிடையாது. முப்பது ரூபாய் முருங்கைக்கட்டு அறுநூறுக்குப் போனது. துபாயிலிருந்து ஒருத்தர் செல்போனில் வீடியோவில் வந்து, ஒரு சேவலுக்கு உள்ளூர்க்காரரோடு மல்லுக்கு நின்றார். சேவல் ஜெயித்தவரைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜம்பம் கொஞ்சம் உண்டுதான். 'அவன் ஆயிரம் கேட்டா நான் ஆயிரத்தி நூறு' என்கிற வீம்பில் வருவதும் காணிக்கைதானா என்று எனக்குள் ஒரு கேள்வி. பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் கேட்டேன். "வீம்பு அவனுக்கு, துட்டு கோயிலுக்கு" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் ஒரு முட்டை வந்தது. ஒற்றைக் கோழி முட்டை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, பெட்டி முடைந்து பிழைக்கும் ஒரு பாட்டி வைத்தது. ஐம்பது ரூபாயில் ஆரம்பித்து முந்நூறில் நின்றது. எடுத்தவர், "திரும்ப விடு" என்று கொடுத்துவிட்டார். மறுபடி ஏலம். அடுத்தவரும் திருப்பிக் கொடுத்தார். இப்படி அந்த முட்டை ஆறு தடவை விலை போனது! கூட்டி வாசித்தபோது, ஆட்டுக்கிடாயைத் தவிர வேறெதுவும் அதைத் தாண்டவில்லை. பாட்டி பூரித்துப் போவாள் என்று பார்த்தால், அவள் கவலையெல்லாம் வேறு. "ஏல, கை மாத்தி மாத்தி உடைச்சிராதீய... அடைக்கு வைக்கத முட்டை!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துக் கன்னத்தில் ஒரு ஈ உட்கார, நான் கையைத் தூக்க, "மெட்ராஸ் சார் ஆயிரத்து நூறு... ஒருதரம்! ரெண்டுதரம்!" என்று ஒரு பூசணிக்காய் என் தலையில் விழுந்துவிட்டது. எட்டுக் கிலோ. திரும்ப விடச் சொல்லலாமே என்று கேட்டேன். "பூசணிக்காய்க்கு அந்த வழக்கம் இல்லை சார்" என்றார்கள். எனக்கென்னவோ அந்தச் சட்டம் அப்போதுதான் பிறந்தது என்று தோன்றியது.

மத்தியானம் பந்தி. ஓலைப் பாயில் மலை மாதிரி சோற்றைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஐயர் ஜெபம் செய்தார். நீளமான ஜெபம்தான், தவசுப்பிள்ளை சத்தமாக 'ஆமென்' சொல்லி முடித்துவைத்தார். பந்தியில் ஆட்டோக்காரர், டாக்டர், பனையேறி, பக்கத்து ஊர் அம்மன் கோயில் பூசாரி என்று எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் தேவதூதர்கள் என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. சபைத் தேர்தல் வந்தால் எப்படி மோதிக்கொள்வோம் என்று அவர்களே சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

நண்பர் ஒரு தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். முதல் நாள் இரவே அல்வாவை எடுத்துக்கொண்டு மூன்று வீட்டுக்கும் போயிருந்தார். ஒரு வீட்டில் அழுதுவிட்டார்களாம். இன்னொரு வீட்டில் அல்வாவை வாங்காமல் கதவைச் சாத்திவிட்டார்கள். கிருபை எல்லா வீட்டுக்கும் ஒரே பஸ்ஸில் வந்து சேர்வதில்லை. பெரியப்பா வீட்டில் இல்லை.

அந்தப் பெரியப்பாதான் இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார். ஐயருக்கு எலும்பு சிபாரிசு செய்த அதே பெரியவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஏல, நான் கணக்கை மறந்துட்டேன்னு நெனச்சியோ? ஒண்ணரை லட்சம். நல்லா நெனைப்பு இருக்கு. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வா, மாசம் எவ்வளவு முடியும்னு பேசுவோம். இப்பம் அந்தச் சோத்து வாளியை எடு. மூணாம் வரிசையில சின்னப் பிள்ளைய காத்துக் கெடக்கு."

நண்பர் வாளியை எடுத்தார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பரிமாற ஆரம்பித்தவர், கடைசிப் பந்தி முடியும் வரை உட்காரவே இல்லை. என் இலைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. "புகை சார்" என்றார். அடுப்பு அங்கிருந்து இருநூறு அடி தள்ளி இருந்தது.

கறிக்குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஆசிரியர் இன்னொரு பக்கம் தரமாட்டார். பருப்பும் கத்திரிக்காயும் கறியும் விறகுப் புகையும் ஒன்றாகக் கூடினால் வரும் ருசி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சாப்பிட வர முடியாத கிழடுகளுக்கும் நோயாளிகளுக்கும் தூக்குச்சட்டியில் போய்க்கொண்டே இருந்தது. கதவைச் சாத்திய வீட்டுக்கும் ஒரு வாளி போனதைப் பார்த்தேன். கொண்டுபோனது நண்பர்தான். வாளி காலியாகத் திரும்பி வந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பெரியப்பா வீட்டில் மாசம் மூவாயிரம் என்று முடிவாயிற்று. "வட்டி?" என்று இவர் கேட்கப் போக, "அதை வாங்கிட்டு எந்த மூஞ்சியோட நான் நற்கருணைக்குப் போவேன்? போல, வேலையைப் பாரு" என்று ஏச்சுதான் கிடைத்தது. தலைக்கட்டு வரி கட்டியது நீங்களா என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார். "எனக்கு என் வரியைக் கட்டவே நேரமில்லை" என்றாராம்.

மதியம் கிளம்பினோம். பஸ் வருவதற்குள் நண்பர், "ஒரு நிமிஷம் சார்" என்று கோயில் திண்ணைப் பக்கம் ஓடினார். வாத்தியாரிடம் என்னவோ கேட்டார். அவர் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். இவர் குனிந்து பார்த்தார். பர்ஸ் திறந்தது. வாத்தியார் பேனாவால் ஒரு டிக் போட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், "இந்த வருஷ வரியைத்தான் முந்தா நாளே கட்டிட்டீங்களே, இது யாருக்கு?" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூசணிக்காயை நல்லாப் பிடிச்சுக்கிடுங்க சார், வளைவு வருது" என்றார்.